லாபம் ஏறியது, பங்கு சரிந்தது

கம்ப்யூட்டர் நகரம் என்று பெயர் வாங்கிய பெங்களூரில், கம்ப்யூட்டர் பெட்டி விற்று வளர்ந்தவர்கள் குறைவு. சமையல் எண்ணெயில் தொடங்கிய விப்ரோ, 1980களில் பெர்சனல் கம்ப்யூட்டர் தயாரிப்பில் இறங்கியது. உலகெங்கும் பிசி விற்பனை சுமார் 10 சதவீதம் விழுந்த 2013இல் அதைக் கைவிட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே அதன் வருமானத்தில் பெரும்பகுதி மென்பொருள் சேவையிலிருந்துதான் வந்தது.

பெட்டியை எண்ணிவிடலாம். சேவையை எப்படி எடை போடுவது? 1993 பிப்ரவரியில் இன்போசிஸ் ரூ.95 விலையில் பங்கு வெளியிட்டபோது முதலீட்டாளர்கள் விழித்தார்கள். ஆலை இல்லை, கிடங்கில் சரக்கு இல்லை. சொத்து என்றால் மாலையில் பஸ் ஏறி வீடு போகும் இன்ஜினீயர்கள். விண்ணப்பங்கள் போதவில்லை. மார்கன் ஸ்டான்லி 13 சதவீதப் பங்கை வாங்கிக் கைகொடுத்தது. ஜூனில் சந்தைக்கு வந்தபோது விலை ரூ.145!

பத்தே ஆண்டில் எல்லோரும் நிபுணர்களாகிவிட்டார்கள். புரோக்கர் அலுவலகங்களில் புதிதாக ஒரு சொல் புழங்கத் தொடங்கியது: 'கைடன்ஸ்'. அடுத்த ஆண்டு எவ்வளவு சம்பாதிப்போம் என்று கம்பெனியே முன்கூட்டிச் சொல்லும் கணிப்பு.

அது எவ்வளவு பொல்லாதது என்பது 2003 ஏப்ரல் 10இல் தெரிந்தது. முடிந்த ஆண்டில் இன்போசிஸ் வருவாய் கிட்டத்தட்ட 39 சதவீதம் கூடியிருந்தது, லாபமும் ஏறியிருந்தது. ஆனால் வரும் ஆண்டுக்கான கணிப்பு சந்தை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஒரே நாளில் பங்கு கால்வாசிக்கு மேல் மதிப்பிழந்தது.

வாதம் இரண்டு பக்கமும் வலுவாகவே இருந்தது. அமெரிக்கக் கம்பெனிகள் சிக்கனம் பிடித்தால் வேலை பெங்களூருக்குத்தானே வரும் என்றது ஒரு கட்சி. வரும், ஆனால் கட்டணத்தை அடித்துப் பேசுவார்கள், இங்கே சம்பளம் ஏறும், ரூபாய் வலுத்தால் டாலர் வரவு சுருங்கும் என்றது மறு கட்சி. இரண்டுமே உண்மை. எது முந்தும் என்பதில்தான் பணம் இருக்கிறது.

அன்று பயந்து விற்றவர்கள் கைவிரலைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். 2004இல் இன்போசிஸின் ஆண்டு வருவாய் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஒரு பங்குக்கு மூன்று போனஸ் கிடைத்தது. ஆனால் 2000 மார்ச் உச்சத்தில் ஆசைப்பட்டு வாங்கியவர்களோ போட்ட பணத்தைப் பார்க்கவே ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. கம்பெனி அதேதான், வாங்கிய தேதிதான் வேறு.

2013 ஏப்ரல் 12இல் அதே நாடகம் மறுபடி நடந்தது. 6 முதல் 10 சதவீத வளர்ச்சிதான் என்று இன்போசிஸ் சொன்னதும் பங்கு சுமார் 21 சதவீதம் சரிந்தது. ஜூன் 1இல் நாராயண மூர்த்தியே நிர்வாகத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று.