வாய் திறக்காத ‘பி’

‘ரசீது’ என்பது ஆங்கில ‘ரிசீட்’ நம் வாயில் உருமாறி வந்த சொல் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தேன். இல்லை. ரசீது பாரசீகச் சொல். ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள். பணம் வந்து சேர்ந்ததற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். ஆங்கிலச் சொல்லோடு ஓசை ஒத்துப்போவது தற்செயல்.

அந்த ஆங்கில ரிசீட்டை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கடைசி ‘டி’க்கு முன்னால் ஒரு ‘பி’ நிற்கும். (தமிழில் இரண்டு ‘பி’க்கும் ஒரே எழுத்து. இது ‘பென்’ எழுதும் பி. ‘பஸ்’ எழுதும் பி அடுத்து வருகிறது.) எழுத வேண்டும், ஒலிக்கக் கூடாது. கடன் என்று பொருள்படும் ‘டெட்’, நுட்பமான என்று பொருள்படும் ‘சட்டில்’, சந்தேகத்தைக் குறிக்கும் ‘டவுட்’ மூன்றிலும் பஸ்ஸின் ‘பி’ இதேபோல் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

முன்பு ஒலித்து, பிறகு தேய்ந்துபோன எழுத்துகள் இவை என்று தோன்றும். ‘நைட்’ என்ற போர்வீரனின் முதல் ‘கே’ விஷயத்தில் அது உண்மை. பழைய ஆங்கிலேயர்கள் அதை ‘க்னி’ என்றே தொடங்கினார்கள். ஆனால் டெட், டவுட் கதை வேறு. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய காலத்தில் அந்தச் சொற்களில் ‘பி’ எழுத்தே கிடையாது. ஆங்கிலேயருக்கு அவை பிரெஞ்சிலிருந்து வந்தபோதே ‘பி’ இல்லாமல்தான் வந்தன.

இலத்தீனில் கடனுக்கு ‘டெபிடும்’. பிரெஞ்சுக்காரர் வாயில் நடுவிலிருந்த இகரம் விழுந்தது. ‘ப்’பும் ‘ட்’டும் நேருக்கு நேர் மோதின. மோதியதில் ‘ப்’ கரைந்து ‘டெட்’ ஆனது. நமக்கு இது புதிதல்ல. வடமொழியின் சப்தம் நம்மிடம் சத்தம் ஆனது. முக்தி முத்தியானதும், பக்தி பத்தியானதும் இதே வழியில்தான்.

பிறகுதான் வேடிக்கை. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் இலத்தீன் மோகம் பிடித்த கல்விமான்கள், சொல்லின் குலப்பெருமை தெரியட்டும் என்று விட்டுப்போன எழுத்தைத் தேடிப்பிடித்து உள்ளே செருகினார்கள். நாம் ‘சப்தம்’ என்று எழுதிவிட்டு, ‘சத்தம்’ என்று மட்டுமே படிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிலைமைதான். ஷேக்ஸ்பியரின் ‘லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்’ நாடகத்தில் ஹோலோஃபெர்னஸ் என்றொரு வாத்தியார் வருகிறார். டெட், டவுட் சொற்களில் ‘பி’யை ஒலிக்காமல் விழுங்குகிறார்கள் என்று அங்கலாய்க்கிறார். கூட்டம் சிரிக்கவே அந்தப் பாத்திரம்.

செருகியவர்கள் ஒழுங்காகவாவது செய்தார்களா? ரிசீட்டுக்கு ‘பி’ கொடுத்தார்கள். அதே குடும்பத்தில் பிறந்த ‘டிசீட்’டில் (வஞ்சகம்) அது நிலைக்கவில்லை. ‘ஐலண்ட்’ இன்னும் மோசம். அது ஜெர்மானிய வேர் கொண்ட சொல். தீவுக்கான பிரெஞ்சு வழிச் சொல்லில் ‘எஸ்’ இருப்பதைப் பார்த்து, இதுவும் அதன் உறவு என்று தவறாக நினைத்து ஒரு ‘எஸ்’ஸை ஒட்டிவிட்டார்கள்.

சில இடங்களில் செருகல் ஜெயித்தும் இருக்கிறது. ‘ஃபால்ட்’ என்ற சொல்லின் ‘எல்’ இப்படி வந்ததுதான். 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, உரையாடலில் அது பெரும்பாலும் ஒலிப்பதில்லை என்கிறது. இன்று அதை ஒலிக்காமல் விட்டால்தான் பிழை. ‘அட்வென்ச்சர்’ என்ற சொல்லில் ‘வி’க்கு முன்னால் உள்ள ‘டி’யும் ஒட்டவைத்ததுதான்.

டீக்கடையில் “எனக்கு ஒரு டவுட்டு” என்று ஆரம்பிப்பவர் யாரும் அதில் ‘பி’ சேர்ப்பதில்லை. காதால் கேட்டுப் படித்த சொல் அது. டெட், சட்டில் இரண்டும் நமக்குப் புத்தகத்தின் வழியே வந்தவை. அதனால்தான் நன்கு படித்தவர்கள்கூட ‘டெப்ட்’, ‘சப்டில்’ என்கிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன், அதுவும் மேடையில்.

கண்ணை ஏமாற்றும் சொற்கள் இன்னும் இரண்டு உண்டு. உணவுப்பொருள் என்று பொருள்படும் சொல்லை எழுத்துக்கூட்டினால் ‘விக்சுவல்ஸ்’ என்று வரும். சரியான உச்சரிப்பு ‘விட்டில்ஸ்’. முறைப்படி குற்றஞ்சாட்டுவதைக் குறிக்கும் சொல்லும் அப்படியே. ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி தென்படும். பார்த்தால் ‘இன்டிக்ட்’. அதன் ‘சி’யும் பின்னால் செருகியது. ‘இன்டைட்’ என்று சொல்லுங்கள்.