விமானிக்கும் வெள்ளெழுத்து வரும்: அவருக்கு ஏற்ற கண்ணாடி எது?



சவூதி, துபாய், மலேசியா என்று விமானம் ஏறிப் போய் வராத குடும்பம் நம்மில் குறைவு. ஏறும்போது விமானி அறைக் கதவு திறந்திருந்தால் ஒரு முறை எட்டிப் பார்ப்போம். உள்ளே இருப்பவர் நரைத்த தலையும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தால், "இவருக்குக் கண் சரியாகத் தெரியுமா?" என்று சிலருக்குக் கலக்கம் வரும்.

அந்தக் கலக்கம் தேவையில்லை. கண்ணாடி அணிந்த விமானியைக் கண்டு நாம் அஞ்ச வேண்டியதில்லை. கண்ணாடி தேவைப்பட்டும் அணியாதவரையும், தன் வேலைக்குப் பொருந்தாத கண்ணாடியை அணிந்தவரையும் பற்றித்தான் கவலைப்பட வேண்டும். இந்த வேறுபாட்டை விளங்கிக்கொண்டால், நம் வீட்டுப் பெரியவர்களின் கண்ணாடி விஷயத்திலும் பல தவறுகளைத் தவிர்க்கலாம்.

வெள்ளெழுத்து என்பது என்ன?

நம் கண்ணுக்குள் ஒரு வில்லை இருக்கிறது. தூரத்தில் உள்ளதைப் பார்க்கும்போது அது தட்டையாகிறது. அருகில் உள்ளதைப் பார்க்கும்போது உப்பிக்கொள்கிறது. சிறு வயதில் அது மிகவும் நெகிழ்வானது. அதனால்தான் பத்து வயதுப் பிள்ளை புத்தகத்தை முகத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தும் படித்துவிடுகிறது. வயது ஏற ஏற வில்லை இறுகுகிறது. நாற்பதைத் தாண்டும்போது பலருக்கும் செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடிக்க வேண்டி வருகிறது. இதைத்தான் வெள்ளெழுத்து என்றும் சாளேசுரம் என்றும் நம் முன்னோர் சொன்னார்கள். இது நோய் அல்ல; நரை போல எல்லோருக்கும் வருவது. தூரப் பார்வை நன்றாக இருப்பவருக்கும் வரும்.

பன்னாட்டு விதிப்படி, இரண்டு விமானிகள் சேர்ந்து இயக்கும் பயணிகள் விமானத்தில் 65 வயது வரை பணியாற்றலாம். அப்படியானால், ஒரு விமானியின் பணிக்காலத்தில் கடைசி இருபது ஆண்டுகளுக்கு மேல் வெள்ளெழுத்தோடுதான் கழிகிறது. அனுபவம் முதிர்ந்து, பெரிய விமானங்களின் தலைமைப் பொறுப்புக்கு வந்திருக்கும் காலமும் அதுதான்.

ஒரே நேரத்தில் நான்கு தூரங்கள்

நமக்குப் பெரும்பாலும் இரண்டு தூரங்கள் போதும்: படிக்க ஒன்று, தெருவைப் பார்க்க ஒன்று. விமானிக்கு நான்கு தேவை. வெளியே ஓடுபாதையும் மற்ற விமானங்களும் வெகு தூரம். முன்னால் உள்ள கருவிப் பலகை சுமார் 70 முதல் 80 சென்டிமீட்டர். மடியிலோ பக்கத்திலோ உள்ள வரைபடம், சரிபார்ப்புப் பட்டியல், டேப்லெட் ஆகியவை சுமார் 40 சென்டிமீட்டர். நான்காவது தலைக்கு மேலே உள்ள சுவிட்சுப் பலகை. போயிங் 737 போன்ற விமானங்களில் எரிபொருள் பம்பு, மின்சாரம், ஹைட்ராலிக் ஆகியவற்றின் சுவிட்சுகள் அங்கேதான் இருக்கின்றன. தரையிறங்கும் சில நிமிடங்களில் விமானியின் கண் வெளியேயும் உள்ளேயும் மாறி மாறிப் போய்க்கொண்டே இருக்கும். இடையில் கண்ணாடியைக் கழற்றி மாட்ட அவருக்கு நேரமில்லை.

இங்கே ஒரு எளிய கணக்கு உதவும். நூறை, சென்டிமீட்டரில் சொன்ன தூரத்தால் வகுத்தால் அந்தத் தூரத்துக்குத் தேவையான பவர் கிடைக்கும். 40 சென்டிமீட்டருக்கு 2.5; 80 சென்டிமீட்டருக்கு 1.25. ஐம்பதுகளின் கடைசியில் கண் வில்லை தானாக வளைந்து கொடுப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. ஆகவே, தூரப் பார்வைக்குப் பவர் தேவைப்படாத ஒருவர் 2.5 பவர் கண்ணாடியைப் போட்டால் 40 சென்டிமீட்டரில் உள்ளது மட்டும் தெளிவாகத் தெரியும். கருவிப் பலகை மங்கும். ஓடுபாதையோ முற்றிலும் கலங்கிப் போகும்.

இரவில் சிரமம் கூடும். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிகிறது. கண்மணி விரிந்தால் ஓரளவு தெளிவாகத் தெரிகின்ற தூர வரம்பு சுருங்குகிறது. பகலில் தட்டுத்தடுமாறிப் படித்த எழுத்து இரவில் படிக்க முடியாமல் போவது இதனால்தான். பல விமானிகள் தங்களுக்கு வெள்ளெழுத்து வந்திருப்பதை முதலில் உணர்வது மங்கிய விளக்கொளியில்தான்.

விதி என்ன கேட்கிறது?

பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ., வணிக விமானிகளுக்கு முதல் வகுப்பு மருத்துவத் தகுதி என்று ஒன்றை வகுத்திருக்கிறது. அதன்படி தூரப் பார்வை ஒவ்வொரு கண்ணிலும் 6/9, இரு கண்ணும் சேர்ந்து 6/6 இருக்க வேண்டும். 30 முதல் 50 சென்டிமீட்டருக்குள் என்-5 என்னும் மிகச் சிறிய எழுத்தையும், ஒரு மீட்டர் தூரத்தில் என்-14 எழுத்தையும் படிக்க வேண்டும். இவற்றைக் கண்ணாடி அணிந்து நிறைவேற்றினாலும் தகுதிதான்.

ஆனால் அதில் மூன்று நிபந்தனைகள் உண்டு. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடி போதுமானதாக இருக்க வேண்டும். அதே போன்ற மாற்றுக் கண்ணாடி ஒன்று பறக்கும்போது கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். முழு வில்லையும் படிப்பதற்கான ஒரே பவராக உள்ள கண்ணாடி ஏற்கப்படாது. அது தூரப் பார்வையைக் கெடுத்துவிடும் என்பதே காரணம்.

எந்தக் கண்ணாடிக்கு என்ன குணம்?

அரைக் கண்ணாடி: மூக்கின் மேல் தாழ்வாக அமர்ந்து, கீழே பார்க்கும்போது மட்டும் உதவுவது. மேல் விளிம்புக்கு மேலாக வெளியே பார்க்கலாம். தூரப் பார்வை நன்றாக இருந்து, இப்போதுதான் வெள்ளெழுத்து தொடங்கியவருக்கு இது போதும். வயது கூடும்போது கருவிப் பலகையின் தூரத்துக்கு இது உதவாது.

பைஃபோகல்: மேலே தூரம், கீழே கிட்டம், நடுவே கோடு. எங்கே பார்த்தால் எது தெரியும் என்பதில் குழப்பமில்லை. கீழ்ப்பகுதியின் உயரத்தை விமானி அறையைக் கணக்கில் கொண்டு வைக்க வேண்டும். உயர்த்தி வைத்தால் ஓடுபாதையை மறைக்கும். தாழ்த்தி வைத்தால் கருவிகளைப் பார்க்கத் தலையை அண்ணாக்க வேண்டி வரும். இருட்டிலோ மேகத்துக்குள்ளோ பறக்கும்போது தலையை அடிக்கடி தூக்கித் தாழ்த்துவது நல்லதல்ல. உட்காதின் சமநிலை உணர்வு குழம்பி, விமானம் சாய்கிறது, திரும்புகிறது என்று பொய்யாகத் தோன்றும்.

டிரைஃபோகல்: தூரம், கருவிப் பலகை, படிப்பு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பகுதி உண்டு. ஐம்பதைத் தாண்டியவருக்கு இது பொருத்தமானது.

மேலும் கீழும் பகுதி உள்ளது: தலைக்கு மேலே சுவிட்சுப் பலகை உள்ள விமானங்களை ஓட்டுபவர்களுக்கு, வில்லையின் மேல் பக்கத்திலும் ஒரு கிட்டப்பார்வைப் பகுதி வைத்துத் தருவார்கள். சாதாரணக் கண்ணாடிக்கடையில் இதைக் கேட்டால் வியப்பார்கள். கேட்டு வாங்க வேண்டியது இது.

புரோகிரசிவ்: கோடில்லாமல் மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறுவது. 1959-ல் பிரான்சில் வேரிலக்ஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்து, இன்று உலகெங்கும் பரவிவிட்டது. எல்லாத் தூரத்துக்கும் ஓர் இடம் உண்டு என்பது இதன் சிறப்பு. ஆனால் இரு ஓரங்களிலும் உருவம் நெளியும். நடுத்தூரத்துக்கான பாதை குறுகலானது. கண்ணை மட்டும் உருட்டாமல் முகத்தையே திருப்பிப் பார்க்கப் பழக வேண்டும். பல விமானிகள் இதை நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் புதிதாக வாங்கிய அன்றே அணிந்து விமானம் ஓட்டக் கூடாது. தரையில் நன்றாகப் பழகிய பிறகே ஓட்ட வேண்டும்.

ஒரு கண் தூரத்துக்கு, ஒரு கண் கிட்டத்துக்கு

கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களுக்கு ஒரு கண்ணில் தூரத்துக்கும் மறு கண்ணில் படிப்பதற்கும் பவர் வைத்துக் கொடுப்பது உண்டு. மோனோவிஷன் என்பார்கள். வீட்டிலும் அலுவலகத்திலும் இருப்பவர்களுக்கு இது வசதியானது. ஆனால் ஆழத்தையும் தூரத்தையும் துல்லியமாக அளக்க இரு கண்களும் ஒன்றாக வேலை செய்ய வேண்டும். ஒரு கண் மங்கலாக இருந்தால் அந்த அளவு தவறுகிறது.

1996 அக்டோபர் 19 அன்று அட்லாண்டாவிலிருந்து நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வந்த டெல்டா நிறுவனத்தின் 554-ஆம் எண் விமானம், மழையும் மூடுபனியுமான வேளையில் தரையிறங்கியது. ஓடுபாதைக்கு முன்னே இருந்த வழிகாட்டும் விளக்குகளின் தாங்கிகளில் அது மோதியது. விமானத்தில் 63 பேர் இருந்தார்கள். ஒருவரும் இறக்கவில்லை; மூவருக்கு லேசான காயம். விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தண்ணீரின் மேலாக மங்கிய வெளிச்சத்தில் இறங்கியதால் உண்டான தோற்றப் பிழையை, விமானி அணிந்திருந்த மோனோவிஷன் லென்ஸ் காரணமாக அவரால் சரிசெய்துகொள்ள முடியவில்லை என்று முடிவு செய்தது. பறக்கும்போது மோனோவிஷன் லென்ஸ் அணிவதை அமெரிக்க விமானத்துறை ஏற்பதில்லை.

கண் பரிசோதிப்பவரிடம் "நான் விமானி" என்று முதலில் சொல்லிவிடுவது எவ்வளவு முக்கியம் என்பதை இதிலிருந்து உணரலாம். மற்றவருக்கு நல்லதான கண்ணாடி அவருக்கு ஆபத்தாக முடியலாம்.

கறுப்புக் கண்ணாடியும் சட்டமும்

மேகத்துக்கு மேலே வெயில் கண்ணைக் கூசச் செய்யும். ஆகவே கூலிங் கிளாஸ் தேவை. சாம்பல் நிறம் மற்ற நிறங்களை அதிகம் மாற்றிக் காட்டாது. போலராய்டு வகையைத் தவிர்க்க வேண்டும். அது கருவித் திரைகளை இருட்டாகக் காட்டக்கூடும். முன்கண்ணாடியிலும் கோலம் கோலமாகத் தெரியும். வெயிலில் தானாகக் கறுக்கும் வகையும் விமானி அறைக்கு ஏற்றதல்ல. அதைக் கறுக்கச் செய்யும் புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியை விமானத்தின் முன்கண்ணாடியே தடுத்துவிடுகிறது. கறுத்தாலும் வெளிச்சம் குறையும்போது உடனே தெளிவதில்லை. கூலிங் கிளாசிலும் அவருக்குரிய பவர் இருக்க வேண்டும்.

சட்டம் மெல்லியதாக இருப்பது நல்லது. தடித்த காது வளை பக்கப் பார்வையை மறைக்கும். ஹெட்செட் அழுத்தி மணிக்கணக்கில் வலிக்கும். ஆக்சிஜன் முகமூடியை மாட்டும்போது கண்ணாடி இடிக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும் முறை

முதலில் விமானி தன் இருக்கையை வழக்கமான உயரத்தில் வைத்து உட்கார்ந்து, கண்ணிலிருந்து கருவிப் பலகை, டேப்லெட், தலைமேல் பலகை ஆகியவற்றுக்கு உள்ள தூரத்தை அளவு நாடாவால் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்தத் தாளோடு கண் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஒரே மாதிரி இரண்டு கண்ணாடிகள் செய்ய வேண்டும். பிறகு விமானப் போக்குவரத்துத் துறை அங்கீகரித்த மருத்துவரிடம் காட்டி, மருத்துவச் சான்றிதழில் பதிவு செய்ய வேண்டும்.

கண்ணாடி வந்தால் வேலை போய்விடுமோ என்று மறைக்கத் தோன்றுவது மனித இயல்பு. ஆனால் கண்ணாடி போட்டால் வேலை போகாது. மறைத்தால், பின்னால் அமர்ந்திருக்கும் நூற்றுக்கணக்கானோரின் உயிர் ஒரு சிறிய எழுத்தில் தொங்கும். அது அவர் கையில் உள்ள அமானிதம்.

நம் வீட்டுக்கு வரும் பாடம்

வாகனம் ஓட்டும் நம் சகோதரர்களுக்கும், தையல் இயந்திரத்தில் அமரும் நம் சகோதரிகளுக்கும் இதே கணக்குதான். படிப்பதற்கு வாங்கிய முழுக் கண்ணாடியோடு வண்டி ஓட்டாதீர்கள். எந்த வேலைக்கு, எத்தனை சாண் தூரத்துக்குக் கண்ணாடி வேண்டும் என்று பரிசோதிப்பவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள், சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் நாளில் பவர் பாருங்கள். ஏறி இறங்கும்போது பவரும் மாறும். நடைபாதையில் போட்டுப் பார்த்து வாங்கும் கண்ணாடி எழுத்தைக் காட்டலாம். ஆனால் கண் நீர் அழுத்தம் போல ஓசையின்றிப் பார்வையைப் பறிக்கும் நோயைக் காட்டாது. நாற்பது வயது ஆனவர்கள் ஒரு முறையாவது கண் மருத்துவரிடம் முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

உங்கள் அத்தாவோ அம்மாவோ கைப்பேசியை எட்டப் பிடித்துப் பார்க்கிறார்களா? "வயசாயிருச்சு" என்று சிரித்துவிட்டுப் போகாமல், இந்த வாரமே கண் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.