யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு

வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத நிலம் யாழ்ப்பாணக் குடாநாடு. வழுக்கியாறு மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துவிடும். தொண்டைமானாறு, உப்பாறு என மக்கள் வழங்குவனவோ உண்மையில் கடல்நீர் உட்புகும் நீரேரிகளேயாம். தொண்டைமானாற்றின் வாயைக் கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்தான் என்பது கர்ண பரம்பரைச் செய்தி.

அவ்வாறாயின் இங்கே புகையிலையும் வெங்காயமும் விளைவது எங்ஙனம்? கிணற்று நீரினால். சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளில் மாரிமழை ஊறி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் நன்னீர் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓரடி உயர்ந்து நிற்குமாயின், கீழே ஏறத்தாழ நாற்பதடி ஆழத்துக்கு அது உவரை அழுத்தி வைக்கும். மேலே ஓரடி இறைத்துவிட்டாலோ, கீழிருந்து உவர் நாற்பதடி ஏறிவர இடமுண்டாகும். துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. நீரிறைக்கும் இயந்திரத்துக்குக் களைப்பு ஏது?

இக்குறையைத் தீர்க்க நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954 ஆம் ஆண்டில் வகுத்த திட்டமே ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ எனப்படுவது. கனகராயன் ஆறு வன்னியிற் பிறந்து, இரணைமடுக் குளத்தை நிரப்பி, எஞ்சிய வெள்ளத்தை ஆனையிறவு நீரேரியிற் சேர்க்கின்றது. அது வீணே கடலை அடைகின்றது. மேற்கே ஆனையிறவில் வீதியும் இருப்புப்பாதையும் செல்லும் அணையின் கண்களை அடைத்து, கிழக்கே சுண்டிக்குளத்தில் மிகைநீர் வழிந்தோடும் வாயுடன் மண்ணணை கட்டினால், அந்நீரேரி நன்னீர் ஏரியாகும். அங்கிருந்து முள்ளியான் வழியே ஏறத்தாழ இரண்டரை மைல் நீளமான வாய்க்கால் வெட்டி, வடமராட்சி நீரேரிக்கும் அதனோடு தொடுத்த உப்பாற்றுக்கும் நீரைக் கொண்டுசெல்லலாம். இவற்றின் கடல்வாய்களான தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவுகளுடன் கூடிய தடுப்பணைகள் காவல் நிற்கும்.

இத்தடுப்பணைகளின் தொழில் நுட்பமானது. முதல் மழையில் கரைந்துவரும் உப்பைக் கடலுக்கு விடவேண்டும். வெள்ளம் மிகுந்தால் கதவு திறந்து ஊரைக் காக்கவேண்டும். மாரி ஓயுமுன் கதவை மூடிப் பின்மழையின் நீரைத் தேக்கவேண்டும். ஆண்டுதோறும் இவ்வாறு கழுவக் கழுவ நீரேரியின் உவர் குறையும். அயற்கிணறுகளும் நல்ல நீர் பெறும். காலம் பிந்தி மூடிய கதவு ஓர் ஆண்டு மழையையே இழப்பித்துவிடும்.

தடுப்பணைகள் இரண்டும் 1950களில் எழுந்தன. சுண்டிக்குளத்து அணையும் கட்டப்பட்டது; பின்னர் வெள்ளம் அதை உடைத்தது. முள்ளியான் வாய்க்கால் முற்றுப்பெறவில்லை. பராமரிப்புக் குன்றிய கதவுகளினூடே கடல் மீண்டும் உட்புகுந்தது. நெடிய போர் எஞ்சியதையும் தடுத்தது. போர் முடிந்தபின் தொண்டைமானாற்றுக் கதவுகள் புதுப்பிக்கப்பட்டன.

நீரேரியில் இறால் பிடித்து வாழும் குடும்பங்களின் அச்சத்தையும் இங்கே கூறாமல் விடுதல் முறையன்று. நீர் முற்றாக நன்னீரானால் அவர்களுடைய தொழில் மாறிப்போகும். இதற்கு விடை காணாத திட்டம் அரைத்திட்டமே. இரணைமடு நீரைக் குழாய்வழி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்ததும் தம் வயலைக் கருதியே. ஆறுமுகம் கேட்டதோ குளத்து நீரையன்று, கடலிற் கலக்கும் நீரை.

2024 ஆம் ஆண்டில் வடமராட்சி கிழக்கின் தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீரை ஆக்கும் நிலையம் திறக்கப்பட்டது. முற்றுப்பெறாத முள்ளியான் வாய்க்காலும் அதே வடமராட்சி கிழக்கிலேதான் கிடக்கின்றது.