உண்ணும் முன் ஒரு நிமிடம்

— இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (விலங்கியல்)

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது நம் முன்னோர் வாக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அறிந்து போற்றிய வாக்கு. ஆனால் இன்று நம் உணவு வேளை எப்படிக் கழிகிறது? ஒரு கையில் செல்பேசி, மறு கையில் சோறு. பேருந்துக்கு நேரமாகிவிட்டதே என்ற பரபரப்பு. இல்லையேல் குழம்பில் உப்பில்லை என்ற சலிப்பு. பத்து நிமிடத்தில் தட்டு காலியாகிவிடுகிறது. என்ன உண்டோம் என்று மாலையில் கேட்டால் நினைவில்லை!

உண்ணும் முன் சற்று நின்று, உணவை நோக்கி, அதைத் தந்தவர்களை நன்றியோடு நினைப்பது வெறும் சடங்குதானா? அன்றி, உடலுக்கும் அதனால் பயனுண்டா? அறிவியலின் துணைகொண்டு ஆராய்வோம்.

செரிமானம் எங்கே தொடங்குகிறது?

வாயில் தொடங்குகிறது என்று பள்ளியில் படித்தோம். உண்மையில் அதற்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது. உருசிய அறிஞர் இவான் பாவ்லவ், நாய்கள் விழுங்கும் உணவு இரைப்பையை அடையாமல் உணவுக்குழல் வழியே வெளியேறிவிடுமாறு செய்து ஆராய்ந்தார். அப்போதும் இரைப்பையில் செரிமான நீர் பெருகிற்று! செரிமானம் பற்றிய ஆய்வுகளுக்காக 1904ஆம் ஆண்டு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உணவைக் காண்பதும், மணத்தை முகர்வதும், ஏன், நினைப்பதும் கூட மூளையைத் தூண்டுகின்றன. மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாக இரைப்பைக்குச் செய்தி செல்கிறது. அமிலமும் நொதியும் சுரக்கின்றன. விருந்தினர் வருமுன் வீட்டைப் பெருக்கி வைப்பது போல, உணவு வருமுன் இரைப்பை தன்னை ஆயத்தம் செய்துகொள்கிறது. கண்ணும் கருத்தும் வேறெங்கோ இருந்தால் இந்த வரவேற்பு எப்படி முழுமை பெறும்?

சினம் செய்யும் கேடு

எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்ட ஆண்டு 1895. அதற்கு அடுத்த ஆண்டே, ஹார்வர்டில் நம்மைப் போல் மாணவராக இருந்த வால்டர் கேனன், அக்கதிர்களைக் கொண்டு விலங்குகளின் செரிமான உறுப்புகள் அசைவதைக் காணத் தொடங்கினார். பூனை சினமோ அச்சமோ கொண்டபோது அதன் இரைப்பையின் அலையசைவு நின்றுபோயிற்று. அமைதியடைந்த பின் மீண்டும் தொடங்கிற்று.

காரணம் என்ன? சினமும் அச்சமும் பரிவு நரம்புகளைத் தூண்டுகின்றன. அப்போது குருதி தசைகளை நோக்கி மிகுதியாகப் பாய்கிறது; செரிமானப் பணி பின்தள்ளப்படுகிறது. அமைதியான நிலையிலோ எதிர்ப்பரிவு நரம்புகள் மேலோங்கி, சுரப்பும் அசைவும் செவ்வனே நடைபெறுகின்றன. சாப்பாட்டு வேளையில் சண்டை வேண்டாம் என்று பாட்டிமார் சொல்வதில் உடலியல் அடங்கியிருக்கிறதல்லவா?

நொறுங்கத் தின்றால்...

"நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது மற்றொரு பழமொழி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 லிட்டர் உமிழ்நீர் நமக்குச் சுரக்கிறது. அதிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி, சோற்றிலுள்ள மாப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுகிறது. ஒரு பிடி வெறுஞ்சோற்றை நெடுநேரம் மென்று பாருங்கள், இனிப்புத் தட்டும். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்கு நன்கு எட்ட ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அதற்குள் அள்ளி விழுங்குவோர் தேவைக்கு மேல் உண்டுவிடுகின்றனர்.

நன்றியுணர்வு பற்றியும் ஆய்வுகள் உண்டு. 2003இல் அமெரிக்க உளவியலாளர்கள் இராபர்ட் எம்மன்சும் மைக்கேல் மெக்கல்லோவும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாரந்தோறும் நன்றிக்குரியவற்றை எழுதி வந்த கல்லூரி மாணவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களைக் காட்டிலும் மனநிறைவு பெற்றிருந்தனர். உடல் உபாதைகளையும் குறைவாகவே கூறினர். ஆயினும் நன்றி என்பது மருந்தன்று. வயிற்றுப்புண் உடையவர் மருத்துவரையே நாடவேண்டும்.

யாருக்கு நன்றி?

உண்ணும் முன் இறைவன் பெயர் சொல்லி, உண்டபின் அவனைப் புகழ்கின்றனர் இசுலாமியர். உணவுமுன் செபம் செய்கின்றனர் கிறித்தவர். இலையைச் சுற்றி நீர் தெளிப்போரும் காக்கைக்கு ஒரு பிடி வைப்போரும் நம்மிடையே உண்டு. சப்பானியர் கைகூப்பி, "பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்" என்னும் பொருள்படச் சொல்லி உண்கின்றனர். கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கும் நன்றி சொல்ல ஆளில்லாமற் போகவில்லை. ஒரு கிலோ நெல் விளைய ஏறத்தாழ 2,500 லிட்டர் நீர் வேண்டும். அந்த நீரில் குனிந்து நாற்று நடுவோரில் என் தாயும் ஒருவர். விடுதிச் சமையற்கட்டில் விடியுமுன் உலை வைப்பவர் யாரோ ஒருவரின் தாய்.

இங்கே ஒரு கேள்வி எழும். பசித்தவனிடம் போய், "நன்றி சொல்" என்பது நியாயமா? அன்று. வெறுந்தட்டுக்கு நன்றி சொல்ல யாராலும் இயலாது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்றுணர்ந்தே, 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022இல் காலை உணவும் தொடங்கப்பட்டது. அந்தச் சோற்றை உண்டு படித்து இக்கல்லூரிக்கு வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! நமக்கு உண்மையான நன்றி, வாயால் சொல்வதோடு முடிவதில்லை. வேண்டிய அளவே வாங்கி உண்பது, ஒரு பருக்கையும் வீணாக்காதிருப்பது, உழைத்தவருக்கு உரிய கூலி கிடைக்கக் குரல் கொடுப்பது — இவையும் நன்றியே.

ஆதலால் நண்பர்களே, இன்றிரவே தொடங்குவோம். செல்பேசியை அப்பால் வையுங்கள். சோற்றின் ஆவியும் குழம்பின் மணமும் உங்களை வந்தடையட்டும். இதை விளைத்தவர், சமைத்தவர், பரிமாறியவர் — மூவரையும் ஒருமுறை மனத்தால் தொழுங்கள். பிறகு மென்று உண்ணுங்கள். செலவு ஒரு நிமிடம். வரவோ செரிமானமும் சுவையும் மனிதப் பண்பும்!