சேர்வராயன் குகையில் ஊறும் கதைகள்

ஏற்காட்டுக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,620 மீட்டர் உயரத்திலுள்ள சேர்வராயன் மலை உச்சியில், குனிந்தே நுழைய வேண்டிய ஒடுங்கிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும் சேர்ந்தே எழுந்தருளியிருக்கின்றனர். அந்தக் குகையின் உள்வழி காவிரி ஆறு வரை நீள்கிறது என்பது மலைமக்களிடையே வழிவழியாக இருந்துவரும் நம்பிக்கை. சார்னோக்கைட் என்னும் கடும்பாறையாலான மலைக்குள் அவ்வளவு நெடிய வழி இருப்பதை நிலவியல் ஏற்காது. எனினும் கதைசொல்லிக்கு வேண்டிய யாவும் இந்த ஒரு நம்பிக்கைக்குள்ளேயே இருக்கின்றன. சேர்வராயன் மலையாகவும் அம்மன் ஆறாகவும் கருதப்படுவதால், உச்சியில் சேர்ந்திருக்கும் இருவருள் ஒருத்தி தொலைவில் மேட்டூர் வழியே ஓடிக்கொண்டும் இருக்கிறாள்; யாரும் முழுதாக நடந்து பார்த்திராத அந்த இருள்வழிதான் இருவரையும் பிரியாமல் வைத்திருக்கிறது.

ஆண்டுதோறும் மே மாதத்தில் இக்கோயிலுக்குத் திருவிழா எடுக்கும் மலையாளிகள், அதாவது கேரளத்தவர் அல்லாத, தமிழ் பேசும் இம்மலைப் பழங்குடியினர், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்றும், மூத்தவர் வழியினரே சேர்வராயன் மலையில் குடியேறினர் என்றும் சொல்வர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் இந்த வரலாறும் பதிவாகியுள்ளது.

இத்தகைய வழக்காறுகளிலிருந்து இலக்கியம் பிறக்கும் என்பதற்கு ஜப்பானில் நல்ல சான்று உண்டு. யனகிதா குனியோ, தோனோ என்னும் மலைசூழ்ந்த ஊரின் கதைகளை அவ்வூர்க்காரர் ஒருவர் சொல்லக் கேட்டு 1910இல் நூலாக்கினார். வீட்டில் தங்கிச் செல்வம் காக்கும் குழந்தை உருவிலான ஆவி வெளியேறினால் அக்குடும்பம் நொடித்துவிடும் என்பது அங்குள்ள நம்பிக்கை. அந்நூலின் கதையொன்றில், ஒரு செல்வர் வீட்டிலிருந்து இரு சிறுமியர் வெளியேறிச் செல்வதை ஊரார் ஒருவர் வழியில் காண்கிறார். விரைவிலேயே அவ்வீட்டாருள் ஒரு சிறுமியைத் தவிர அனைவரும் நச்சுக்காளானை உண்டு மடிகின்றனர். யனகிதா அதற்கு விளக்கம் சேர்க்கவில்லை, நம்பியவர்களைத் திருத்தவும் முற்படவில்லை; கதையின் வலிமை அதில்தான் இருக்கிறது. தமிழில் புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யும் இறுதிவரை ஐயத்தைத் தீர்த்துவைக்காமலே அச்சத்தை எழுப்புகிறது.

எந்த மலைவாசத்தலத்துக்கும் பொருந்தக்கூடிய பேய் பங்களாக் கதைகளை ஏற்காட்டின் மீதும் ஏற்றிச் சொல்வது எளிது; ஆனால் அவற்றில் இந்த மலையும் இல்லை, மலையாளிகளும் இல்லை. சேர்வராயன் மலையைப் பற்றி எழுத விரும்புவோர், முதலில் இங்குள்ள சிற்றூர்ப் பெரியவர்களிடம் குகையைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்வதை ஊருக்கு ஊர் மாறும் வேறுபாடுகளுடன் அவர்கள் பேச்சிலேயே பதிவு செய்ய வேண்டும். கற்பனையை அதன் பிறகு தொடங்கலாம்.