கந்தைத் துணியில் ஒரு வாணவேடிக்கை

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

பாகூர் கொம்யூனில் ஏரிப் பாசனத்தை நம்பி வாழும் ஒரு சிற்றூர் என்னுடையது. சிறுவயதில் தீபாவளிக்குப் பட்டாசு கேட்டு அழுதால், "கார்த்திகை வரட்டும், மாவலி சுத்தலாம்" என்று அப்பா வாயை அடைத்துவிடுவார். அது ஏமாற்று வேலை என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்ற முறையில், படித்ததை வைத்து அப்பாவின் பேச்சை எடை போட்டுப் பார்க்கும் துணிச்சல் இப்போது வந்திருக்கிறது. எடை போட்டதில் அவர் பக்கமே தட்டு தாழ்ந்தது. அதன் விளைவே இக்கட்டுரை.

வாணவேடிக்கைப் பொருள் எதுவாயினும் அதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று உள்ளே இருக்கும் மருந்து. மற்றொன்று அதை அடக்கி வைக்கும் உறை. வேடிக்கை பார்க்கும் நாம் மருந்தைப் பற்றியே பேசுகிறோம். உறையை எவரும் நினைப்பதில்லை. காலையில் தெருக்கூட்டுபவர் மட்டுமே அதைக் காண்கிறார். ஆனால் ஒரு பொருள் பூவாய்ச் சொரியுமா, இடியாய் வெடிக்குமா என்பதைத் தீர்மானிப்பதில் உறைக்குப் பெரும் பங்கு உண்டு. மேற்புறம் வாய் திறந்த கூட்டுக்குள் மருந்து எரிந்தால் வாயு வெளியேற வழி இருக்கிறது. பொறி மேலே பாய்கிறது. அது புஸ்வாணம். எல்லாப் பக்கமும் இறுக மூடிவிட்டால் வாயு உள்ளே திரண்டு, உறை தாங்கும் எல்லையைத் தாண்டியதும் கிழித்துக்கொண்டு வருகிறது. அது வெடி. உறை எவ்வளவு உறுதியோ அவ்வளவுக்கு அது உடையும்போது எழும் அழுத்தமும் அதிகம். காகிதமும் பனையோலையும் கிழிந்து துணுக்காய்ப் பறக்கும். இரும்பு உடைந்தால் ஒவ்வொரு சில்லும் ஒரு குண்டு.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு வரலாற்றுச் சான்று இருக்கிறது. ஐரோப்பியரின் வாணங்கள் காகித அட்டைக் குழாயில் செய்யப்பட்ட காலத்தில், மைசூரின் ஐதர் அலியும் திப்பு சுல்தானும் இரும்புக் குழாயைப் பயன்படுத்தினர். இரும்பு கூடுதல் அழுத்தத்தைத் தாங்கியதால் வாணம் வெகுதூரம் பாய்ந்தது. காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780 செப்டம்பரில் நடந்த போரில் கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை முறியடிக்கப்பட்டதற்கு இந்த வாணங்களும் காரணம் என்பர். பின்னர் ஆங்கிலேயரான வில்லியம் காங்கிரீவ் இவற்றைப் பார்த்துத்தான் தம் நாட்டு ராக்கெட்டுகளைச் செய்தார். விளையாட்டுப் பொருளைப் போர்க் கருவியாக உயர்த்தியது புது மருந்தன்று, புது உறையே என்பதைக் கவனிக்க வேண்டும்.

மலிவான உறை தேடும் இளைஞர்கள் இரும்பின் பக்கம் போகாமலிருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவும் சொன்னேன். என் அத்தை மகன் பதினான்கு வயதில் அந்தப் பக்கம் போனான். தீபாவளிக்கு மறுநாள் தெருவில் கிடந்த வெடிக்காத பட்டாசுகளைக் கொண்டு, வீட்டில் சும்மா கிடந்த ஓர் உலோகக் கூட்டில் ஏதோ செய்து பார்த்தான். வலக்கையில் இரண்டு விரல்கள் போயின. இன்று இடக்கையால் எழுதுகிறான். காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு வேடிக்கை காட்டும் ஆசை இருந்தது. அவ்வளவுதான் அவன் செய்த குற்றம். பெரியவர்களும் தப்பவில்லை. 2021 நவம்பர் 4ஆம் நாள், தீபாவளியன்று, புதுச்சேரி எல்லையை ஒட்டிய கோட்டக்குப்பத்தில், நாட்டுவெடி மூட்டையுடன் ஸ்கூட்டரில் சென்ற தந்தையும் ஏழு வயது மகனும் அந்த மூட்டை வெடித்து மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. வெடிமருந்து உராய்வையும் சூட்டையும் பொறுக்காது. உரிமம் இல்லாமல் அதை வீட்டில் தயாரிப்பதை 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் தடுத்திருப்பதும் காரணம் இல்லாமல் அன்று.

அப்படியானால் ஏழைக்கு என்ன வேடிக்கை? மாவலிதான்.

புதுச்சேரி நகரத்து நண்பர்களுக்காக அதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். பனையில் ஆண், பெண் என இரு மரங்கள் உண்டு. பெண்பனை நுங்கு தரும். ஆண்பனையில் விரல் விரலாக நீண்ட பூந்தண்டுகள் தொங்கும்; பனம்பூ என்போம். காய்ந்து விழுந்த பனம்பூவைப் பொறுக்கி வந்து, முழங்கால் ஆழக் குழியில் அடுக்கித் தீ மூட்டுவோம். நன்றாகப் பற்றியதும் பச்சை மட்டையும் ஈர மண்ணும் போட்டுக் குழியை மூடிவிட வேண்டும். மூடத் தாமதித்தால் சாம்பல்தான் மிஞ்சும். அவசரப்பட்டால் உள்ளே பாதி வேகாத தண்டு கிடக்கும். என் தாத்தா புகையின் நிறத்தைப் பார்த்தே நேரம் சொல்வார். காற்றில்லாமல் சூடேற்றிக் கரியாக்கும் முறை என்று நாம் பாடத்தில் படிப்பதும் இதுவே. மறுநாள் தோண்டினால் தண்டின் வடிவம் மாறாமல் கருகருவென்று கரி இருக்கும். வெயிலில் உலர்த்தி, உரலில் இடித்து, சிறிது உப்புச் சேர்ப்பார்கள். உப்பு படபடவென்று சத்தம் தரும்.

இனி உறை. பழைய வேட்டித் துணியைப் பை போல் தைத்து, கரித்தூளை இறுக்கமாக நிரப்பி, நூலால் சுற்றிக் கட்டுவோம். முழங்கையளவு நீளம் போதும். பனைமட்டையின் கருக்கைச் சீவி, மூன்று பத்தைகளாகப் பிளந்து, பையை நடுவில் வைத்து இரு முனைகளையும் கட்டி, ஒரு முனையில் கயிறு கோத்தால் மாவலி தயார். பையின் மேல் நெருப்புத் துண்டு ஒன்றை வைத்துக் கனிய விட்டு, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுற்ற வேண்டியதுதான். இருட்டில் பொன்னிற வட்டம் ஒன்று எழும். செலவு கயிற்றுக்கு மட்டும். அதுவும் மாட்டுக் கொட்டகையில் கிடைக்கும்.

துணி எதுவாயினும் சரி என்று எண்ணிவிடக் கூடாது. சென்ற கார்த்திகையில் வில்லியனூரிலிருந்து வந்த வகுப்புத் தோழர்கள் இருவருடன் மூன்று வகையான பைகளைச் செய்து பார்த்தோம். பாலியெஸ்டர் சேலைத் துணி பற்றியதும் உருகிச் சொட்டியது. அந்தச் சொட்டு தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். நல்ல வேளையாக மண்ணில் விழுந்தது. சாக்குப் பையின் இழை அகலம். பாதிக் கரி எரியாமலே கொட்டிப் போயிற்று. பருத்தி வேட்டிதான் நின்றது. பருத்தி உருகுவதில்லை, செல்லுலோசு ஆகையால் தானும் கரியாகிறது. மேலிருந்து சிறிது சிறிதாகக் கருகித் திறக்க, கனிந்த தூள் சல்லடையில் விழுவதுபோல் வெளியே வருகிறது. பல முறை துவைத்து நைந்த வேட்டி புதுத்துணியைவிடவும் மேல் என்பது எங்கள் முடிவு. கடையில் இதற்கென்று துணி வாங்குவது வீண்.

இங்குதான் நான் கல்லூரியில் கற்றது உதவியது. பட்டாசு மருந்தில் வெடியுப்பு இருப்பதால், எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அது தன்னுள்ளேயே கொண்டிருக்கிறது. ஆகவே மூடிய உறைக்குள்ளும் எரியும், வெடிக்கும். மாவலியில் வெறும் கரி. அதற்குப் பிராணவாயு வெளிக்காற்றிலிருந்துதான் வர வேண்டும். சுற்றும்போது காற்று மோதுகிறது, கரி தகதகக்கிறது, விசையினால் துகள்கள் வெளியே எறியப்பட்டுப் பறக்கும்போதே எரிந்து தீர்கின்றன. கையை நிறுத்தினால் வேடிக்கையும் அடங்குகிறது. காற்றை விடாத உறையில் அடைத்தால் அணைந்துபோகும். எனவே இந்த உறை ஓட்டையாக இருந்தே ஆக வேண்டும். வெடிமருந்து இல்லாத வேடிக்கைக்குக் கந்தையைவிடச் சிறந்த உறை இல்லை. பாலியெஸ்டரால் பட்ட பாட்டை வீட்டில் சொன்னபோது, "அதான் வேட்டி கிழியிற வரைக்கும் தூக்கிப் போடாம வச்சிருக்கேன்" என்று அம்மா சிரித்தார்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். வைக்கோல் போரும் கூரை வீடும் உள்ள இடத்தில் சுற்றக்கூடாது. அறுவடை முடிந்த வயலோ ஏரிக்கரைத் திடலோ நல்லது. சுற்றுபவரும் பருத்தி உடையே உடுத்த வேண்டும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வேண்டும். கயிறு நைந்ததாக இருந்தால் மாவலி பறந்துபோய் விழும். நைந்த துணி நல்லது, நைந்த கயிறு ஆகாது.

எங்களுக்கு இப்போது துணிக்குப் பஞ்சமில்லை, பனம்பூவுக்குத்தான் பஞ்சம். வீட்டுமனை போடுகிறவர்களும் செங்கல் சூளைக்கு விறகு தேடுகிறவர்களும் பனையை வெட்டும்போது, காய்க்காத மரம்தானே என்று ஆண்பனையில் முதலில் கைவைக்கிறார்கள். பனை பூத்த பிறகே அது ஆணா பெண்ணா என்று தெரியும். பூப்பதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இன்று நட்டாலும் என் தம்பி பிள்ளைகளுக்குத்தான் பயன்படும். எங்கள் ஊர் ஏரிக்கரையில் இப்போது நான் எண்ணியவரை ஒன்பது ஆண்பனைகள் நிற்கின்றன. சென்ற ஆண்டு அவற்றின் பூவைக் கொண்டு பதினொரு மாவலிகள் கட்டினோம். அதில் ஒன்றை அத்தை மகன் இடக்கையால் சுற்றினான். எங்களில் அதிக நேரம் சுற்றியவனும் அவனே.

வரும் கார்த்திகைக்குக் குழி போடும் நாளைத் தீபாவளி விடுமுறை முடிந்ததும் வகுப்பில் அறிவிக்கிறேன். வர விரும்பும் நண்பர்களும் விரிவுரையாளர்களும் ஆளுக்கொரு பழைய வேட்டி கொண்டு வந்தால் போதும். பருத்தி வேட்டியாக இருக்கட்டும்.