உடைந்த வார்ப்பும் பித்தளை ராடும்

திருப்பூரின் பழைய இரும்புக் கடைகளில் குவிந்து கிடப்பதில் பாதி, ஒரு காலத்தில் துணி தைத்த இரும்பு. 1925-ல் குலாம் காதர் இங்கே முதல் பின்னலாடை ஆலையைத் தொடங்கிய பிறகு எத்தனையோ தலைமுறை மிஷின்கள் இந்த ஊருக்குள் வந்து, ஓடி, ஓய்ந்துவிட்டன. கால்மிதி மிஷினின் பூவேலைப்பாடு செய்த கால்கள், கைச்சக்கரங்கள், ஓவர்லாக், பேட்லாக் மிஷின்களின் தலைகள் எல்லாம் எடைக்குப் போகின்றன. சர்வோ மோட்டார் வந்ததும் கிளட்ச் மோட்டார்களும் அந்தக் குவியலில் சேர்ந்தன. டெய்லர் தைக்காமல் உட்கார்ந்திருக்கும்போதும் கிளட்ச் மோட்டார் சுற்றிக்கொண்டே கரண்டைத் தின்னும் என்பதால், கம்பெனிகள் அவற்றைக் கழற்றிவிட்டன.

இப்படிப்பட்ட பொருளை வாங்கிவந்து வீட்டில் சீர்செய்து பார்க்கும் ஆர்வம் பலருக்கு உண்டு. அந்த ஆர்வம் வந்ததும் பெரும்பாலோர் முதலில் வாங்குவது ஒரு சின்ன இன்வெர்ட்டர் வெல்டிங் மிஷின். அது நல்ல கருவிதான். ஆனால் பழைய மிஷின்களில் முக்கால்வாசி வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பில் ஆர்க் வைத்தால், இருக்கும் விரிசலுக்குப் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விழும். அதற்கு வேறொரு வித்தை வேண்டும். பட்டறைக்காரர்கள் ‘பித்தளை வெல்டிங்’ என்று சொல்லும் பிரேசிங்தான் அது.

ஆர்க் வெல்டிங்கில் ராடின் நுனிக்கும் இரும்புக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளியில் மின்வில் எழுகிறது. அதன் வெப்பம் 5,000 டிகிரி செல்சியஸுக்கு மேல். ராடும் இரும்பும் சேர்ந்து உருகி ஒரே குட்டையாகி, இறுகி ஒன்றாகிவிடும். ராடின் மேல்பூச்சு எரிந்து, காற்று குட்டையைத் தொடாமல் காக்கும் வாயுவாகும். மீதி கசடாக மேலே படியும். ஜன்னல் கம்பி, மேஜைச் சட்டம் போன்ற எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) வேலைகளுக்கு இதைவிடச் சிறந்த வழியில்லை. வீட்டின் 15 ஆம்பியர் பிளக்கில் இன்வெர்ட்டரைச் செருகி, 2.5 மில்லிமீட்டர் 6013 ராடை 70 முதல் 90 ஆம்பியரில் வைத்துப் பழகலாம். தகடு 5 மில்லிமீட்டராவது தடிமன் இருக்கட்டும். மெல்லிய தகட்டில் தொடங்கினால் ஓட்டைதான் விழும். ஒளிரும் வில்லைப் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் இறுகிவரும் குட்டையின் விளிம்பைப் பாருங்கள். கை சரியாக வந்துவிட்டால் சத்தம் விட்டுவிட்டு வராமல் ஒரே சீராக இருக்கும்.

அதே ராடை வார்ப்பிரும்பில் வைத்தால் என்ன ஆகிறது? எம்.எஸ். இரும்பில் கார்பன் கால் சதவீதத்துக்கும் குறைவு. மிஷின் கால்கள் வார்க்கப்படும் சாம்பல்நிற வார்ப்பிரும்பில் அது 2.5 முதல் 4 சதவீதம் வரை. அந்தக் கார்பனில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உலோகத்துக்குள் சிதறிக் கிடக்கிறது. அதிர்வை உள்வாங்கும் குணம் இந்தச் செதில்களால்தான் வருகிறது; நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தையல் போடும் மிஷினுக்கு வார்ப்பு உடல் வைத்ததன் காரணங்களில் அதுவும் ஒன்று. ஆனால் இழுத்தால் ஒவ்வொரு செதிலின் முனையும் விரிசலுக்கு வாசலாகிவிடும். ஆர்க் பட்ட இடம் மட்டும் உருகி, சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு வெப்பத்தை உறிஞ்ச, சட்டென்று இறுகும். செதிலாகப் பிரிய நேரமில்லாத கார்பன் இரும்போடு சேர்ந்து கடினமான, நொறுங்கும் சேர்மமாகிறது. இறுகும் உலோகம் சுருங்கி இழுக்கிறது. வளைந்து கொடுக்கத் தெரியாத வார்ப்பு, ‘டிக்’ என்று வெடிக்கிறது. நிக்கல் ராடு, முன்சூடு, பொறுமை மூன்றும் இருந்தால் ஆர்க்கிலும் செய்யலாம். வீட்டில் பழகுபவருக்கு அது விலையும் அதிகம், கைக்கும் கஷ்டம்.

பிரேசிங்கில் தாய் உலோகம் உருகுவதே இல்லை. வார்ப்பிரும்பு சுமார் 1,150 டிகிரிக்கு மேல்தான் உருகும். 60 பங்கு செம்பும் 40 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை ராடு 900 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். அந்த இடைவெளியில்தான் முழு வித்தையும் இருக்கிறது. சூடான இரும்பின் மேல் பித்தளை பரவிப் பற்றிக்கொள்கிறது. பித்தளை மென்மையானது, குளிரும்போது வரும் இழுவையைத் தானே கொஞ்சம் நீண்டு ஏற்றுக்கொள்ளும்.

ஒரு கால்மிதி மிஷினின் கால் குறுக்கே விரிசல் விட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டும் கொண்டு எண்ணெய்ப் பிசுக்கை முழுக்கத் துடையுங்கள். விரிசலின் கோடு தெளிவாகத் தெரிந்ததும், அது முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை போடுங்கள்; விரிசல் அதற்கு மேல் ஓடாது. பிறகு விரிசல் நெடுக V வடிவத்தில் பள்ளம் எடுக்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலர் தோற்பதும் இங்கேதான். கிரைண்டர் சக்கரம் கிராஃபைட்டை இழுத்து முகப்பு முழுக்கப் பூசிவிடும்; அதன் மேல் பித்தளை ஒட்டாது. எனவே கடைசிச் சுற்றை அரத்தால் ராவி முடியுங்கள்.

அடுத்து கேஸ் ஜுவாலையால் காலைப் பரவலாகச் சூடாக்குங்கள், விரிசலை மட்டுமல்ல. ஜுவாலையில் ஆக்சிஜன் ஒரு பொட்டு கூடுதலாக இருக்கட்டும். துத்தநாகம் ஆவியாவதை அது குறைக்கும். ராடின் நுனியை வெங்காரத்தில் தோய்த்துக்கொள்ளுங்கள். நம் பொற்கொல்லர்கள் தலைமுறைகளாகக் கையாளும் அதே வெங்காரம்தான். சூட்டில் உருகிக் கண்ணாடிபோல் பரவி, இரும்பின் ஆக்சைடைக் கரைத்து வழிவிடும். இரும்பு மங்கிய சிவப்புக்கு வந்ததும் ராடைத் தொடுங்கள். பித்தளை முத்தாகத் திரண்டு உருண்டால் சூடு போதவில்லை. வெள்ளைப் புகை எழுந்தால் சூடு மிஞ்சிவிட்டது. துத்தநாகம் 907 டிகிரியில் கொதிப்பது. அந்தப் புகையைச் சுவாசித்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். நாகம் பூசிய ஜிஐ குழாயில் வெல்டிங் வைத்தாலும் இதே காய்ச்சல்தான். சரியான சூட்டில் பித்தளை மெல்லிய படலமாய் ஓடிப் படியும். முதலில் அந்தப் படலம், பிறகு பள்ளம் நிரம்பும் வரை அடுக்கு. முடிந்ததும் தண்ணீர் ஊற்றாமல், காற்றும் படாமல், உலர்ந்த சாம்பலில் புதைத்து மறுநாள் எடுங்கள்.

ஏ.சி. மெக்கானிக்குகள் செம்புக் குழாயில் வைக்கும் பாஸ்பரஸ் ராடை இதற்கு எடுத்துவிடாதீர்கள். பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்தால் நொறுங்கும் இணைப்புதான் கிடைக்கும்.

ஊசித்தண்டு, ஹூக், கேம் போன்ற கடினப்படுத்திய பாகங்களைச் சூட்டுக்கே கொண்டுவரக் கூடாது. அவற்றை மாற்றுவதுதான் முறை. துருப் பிடித்துச் சிக்கிய பாகங்களுக்கு மின்பகுப்பு நல்ல வழி. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவைச் சோடா, பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகம் மைனஸில், ஒரு பழைய எம்.எஸ். தகடு பிளஸ்ஸில். அந்தத் தகடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும், வேண்டவே வேண்டாம். ஹைட்ரஜன் வெளிவருவதால் திறந்தவெளியில் வையுங்கள். பொன்னிறப் பூவேலை மிச்சமிருக்கும் தலையை மட்டும் இந்தத் தொட்டியில் போடாதீர்கள், பெயின்ட்டோடு போய்விடும். அந்தப் பூவேலையைக் காப்பாற்றுவதை நான் பெரிய வேலையாகவே மதிக்கிறேன். புதுப் பெயின்ட் எவரும் அடிக்கலாம்.

கழற்றிய கிளட்ச் மோட்டாரைப் பஃபிங் சக்கரத்துக்கு மாற்றலாம். நிமிடத்துக்கு 2,800 சுற்றையொட்டி ஓடும் மோட்டார் அது. சக்கரத்தில் அச்சிட்ட வேகம் அதற்கும் மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

ஆபத்தைப் பற்றி இந்த ஊரில் இருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். வீட்டோடு பவர்டேபிள் தையல் நடக்கும் இடங்களில் மேஜைக்கடியில், ஃபேன் இறக்கையில், ஸ்விட்ச் பெட்டிமேல் என்று எங்கும் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். வெல்டிங் பொறி பத்து மீட்டர் வரை தெறித்து உருளும். கட்பீஸ் மூட்டை இருக்கும் கூரையின்கீழ் ராடு பற்றவைக்காதீர்கள். வெளியே செய்தாலும் முடிந்தபின் ஒரு மணி நேரம் அங்கேயே இருந்து கவனியுங்கள். பாலியஸ்டர் கலந்த பனியன் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். தடித்த பருத்திச் சட்டை போடுங்கள். ஆர்க்குக்கு 10-ஆம் எண் கண்ணாடி, கேஸுக்கு 5-ஆம் எண். ஆக்சிஜன் ரெகுலேட்டரை எண்ணெய்க் கையால் தொடக் கூடாது. மிஷின் ஆயில் பழகிய கைகளுக்கு இது முக்கியம்.

முறையாகப் படிக்க அரசு ஐ.டி.ஐ.களில் ஓராண்டு வெல்டர் பிரிவு இருக்கிறது. திருச்சி பி.எச்.இ.எல். வளாகத்தில் 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் பயிற்சி தருகிறது. பித்தளை ராடை மட்டும் கற்க நினைத்தால், கேஸ் வெல்டிங் செய்யும் மூத்தவர் ஒருவர் இன்னும் இருக்கும் லேத் பட்டறையைத் தேடுங்கள். விரிசல் விட்ட காலைக் கொடுத்துவிட்டு வந்துவிடாமல், “அண்ணா, கண்ணாடி போட்டுக்கிட்டுப் பக்கத்துல நின்னு பாக்கட்டுங்களா?” என்று கேளுங்கள். ராடு எந்த நிறத்தில் இரும்பைத் தொடுகிறது, ஜுவாலை எப்போது விலகுகிறது, எப்போது திரும்பி வருகிறது என்று அவர் கையைக் கவனியுங்கள்.